பெரட்டுக் களத்து வார்த்தைகள்

சேரன்மகாதேவி
4 ஜூன் 2025

மதுமதி தாயிக்கு மாரிக்கண்ணு சொல்லி எழுதியது.

தூத்துக்குடியை நம்ம ஜில்லாவிலிருந்து தனியாகப் பிரித்த வருசம் அது. அதே வருசம்தான் யானை வந்து எங்க வரிசை வீடுகள் இருந்த மேல் லயத்து ரேசன் கடைக் கதவைப் பேத்து அரிசியைத் தின்றுவிட்டுப் போனது. கீழே ஊரெல்லாம் ஜில்லா பிரிந்ததைப் பேசினார்கள். மலையில் நாங்கள் கதவைப் பேசினோம். அந்தக் கதவுக்குப் புதுக் கீல் போட்ட அன்றைக்கு உங்க அப்பா தில்லைநாயகம் பிள்ளை கூவமொட்டை எஸ்டேட்டுக்குக் கணக்கப்பிள்ளையாக வந்து இறங்கினார். கையில் ஒரு தகரப் பெட்டி. கக்கத்தில் செங்கல் தடிமனுக்கு ஒரு இங்கிலீஷ் அகராதி.

உங்க கடுதாசி வந்தது. பக்கத்து வீட்டு மஹ்மூதா பீவி ரெண்டு தடவை வாசித்துக் காட்டினாள். இதை எழுதுவதும் அவள்தான். எனக்கு எழுத்து வராது, போனில் காது கேக்காது. 'அண்ணாச்சி'ன்னு போட்டு எழுதியிருக்கிய. பரீட்சை லீவுக்கு மலைக்கு வரும்போது 'ஏ மாரிக்கண்ணு, ஓடையத் தாண்டித் தூக்கி விடு'ன்னுதான் கூப்பிடுவிய. பரவாயில்லை. வயசு எல்லாரையும் திருத்தும்.

அப்பாவுக்குப் புத்தி கலங்கிப்போச்சு, மெட்ராஸில் உங்க வீட்டில் கிடக்கிறார், விடியக்காலம் எழுந்து உட்கார்ந்து இங்கிலீஷ் வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்கிறார், சொல்லிவிட்டு வாசலைப் பார்க்கிறார், பிறகு சாப்பிட மாட்டேன் என்கிறார், டாக்டர் வெறும் உளறல் என்கிறார் என்று எழுதியிருக்கிய.

உளறல் இல்லை தாயி. அவர் பெரட்டு எடுக்கிறார்.

விடிய முன்னால் களத்தில் கூடி நிற்போம், கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார், 'வந்தாச்சு'ன்னு சொன்னால்தான் அன்றைக்கு வேலை. அதுதான் பெரட்டு. எங்க கூட்டத்தில் மாரியம்மாளே ஆறு பேர். தங்கத்தாய், மாரிக்கண்ணு, பெருமாள்ராஜ், எந்தப் பேருக்கும் ரெண்டு மூணு ஆள் உண்டு. உங்க அப்பாவுக்கு முன்னால் இருந்தவர் 'நொண்டி மாரியம்மா', 'கருவாச்சி மாரியம்மா', 'ஓடிப்போனவன் பொண்டாட்டி மாரியம்மா' என்றுதான் கூப்பிடுவார். அவளவளும் குனிந்துகொண்டு வந்தாச்சு சொல்லுவாள். உங்க அப்பா முதல் நாள் அந்தப் பேரேட்டை வாசித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். மேனேஜர் நம்பர் சொல்லிக் கூப்பிடச் சொன்னதற்கு, 'மாட்டுக்குத்தான்யா சூடு போட்டு நம்பர் வைக்கணும்' என்றார்.

அதற்குப் பிறகுதான் அகராதி. ராத்திரியெல்லாம் புரட்டுவார் போல. ஒரே பேர் உள்ளவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு வார்த்தை. யாரும் கேட்டிராத, யாரையும் குத்தாத வார்த்தை. அர்த்தம் சொல்லி, சம்மதமா என்று கேட்டுத்தான் வைப்பார். தனக்குத் தானே முணுமுணுத்துக்கொண்டு கொழுந்து கிள்ளும் மாரியம்மாள் 'சுசரஸ்'. இலை உரசும் சத்தமாம். சாயங்காலம் ஆனால்தான் கை ஓடும் தனலட்சுமி 'கிரெபஸ்குலர்'. அந்தி மயங்கும்போது நடமாடுகிற பிராணிக்குச் சொல்வதாம். இன்னொரு மாரியம்மாளுக்கு 'கொங்கூஸ்லர்' வைத்தார். கால்வாய்க் கரையில் சும்மா நின்று படகு போறதைப் பார்க்கிறவர் என்று அர்த்தம். 'என்னய்யா, திட்டுதியளா?' என்று அவள் அழுதாள். 'இல்லட்டீ, நின்னு பாக்கத் தெரிஞ்சவன்னு சொல்லுதேன்' என்றார். ஒரு மாசத்தில் லயம் முழுக்க 'ஏலே, என்ன கொங்கூஸ்லரா நிக்க? தண்ணியப் பிடி' என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் 'விட்டர்ஷின்ஸ்'. எல்லாரும் தேயிலைச் செடியைக் கீழே இருந்து மேலே கவாத்து வெட்டினால் நான் மேலே இருந்து கீழே வருவேன். ஊருக்கு எதிர்ச்சுற்று சுற்றுகிறவன்.

நீங்க எழுதின வார்த்தைகளில் ஒன்று பாக்கி இருக்கிறது. ஆன்டிலூக்கன். அதை என்னிடம் கேக்காதிய. உங்க அப்பாவைப் பற்றியும் இனி எழுதாதிய.

மாரிக்கண்ணு


சென்னை, நங்கநல்லூர்
12 ஜூன் 2025

அன்புள்ள மாரிக்கண்ணு அண்ணாச்சிக்கு,

எழுதாதே என்றீர்கள். மன்னியுங்கள், எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் கடிதத்தை அர்ஷியாவிடம் வாசித்துக் காட்டினேன். அப்பாவைப் பார்த்துக்கொள்கிற பெண், நம்ம மேலப்பாளையத்துக்காரி. 'பேரு கூப்பிடுதாவளா? அப்ப நாம ஏங்கா பதில் சொல்லாம இருக்கோம்?' என்றாள். மறுநாள் விடியற்காலை அவர் 'சுசரஸ்' என்றதும் இவள் சமையலறையிலிருந்து 'வந்தாச்சு' என்றாள். அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காற்றில் விரலால் ஒரு கோடு போட்டார். அடுத்த வார்த்தைக்குப் போனார். வேலைக்காரர்களோடு பேசுகிற அப்பாவின் குரலை நான் கேட்டு எத்தனையோ வருடமாயிற்று.

ஆனால் ஆன்டிலூக்கன் வந்தபோது எல்லாம் கெட்டது. அர்ஷியா அதற்கும் 'வந்தாச்சு' என்றாள். அப்பா கையை ஓங்கினார். பிறகு அழுதார். பிறகு முதல் வார்த்தையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். தினமும் இதே கதை. அந்த வார்த்தையைத் தாண்டுவதில்லை. அதைத் தாண்டாமல் வாயில் ஒரு பருக்கை போவதில்லை. எலும்பும் தோலுமாக இருக்கிறார். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போடவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வார்த்தையின் அர்த்தத்தை நானே தேடிப் பார்த்தேன். விடியலுக்கு முந்தியது. பொழுது புலர்வதற்கு முன் நடப்பது. அவ்வளவுதான் கிடைத்தது. அது யார் என்று எந்த அகராதியிலும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு வந்தது நன்றி இல்லை, பொறாமை. வீட்டில் அவர் பேசாத மனிதர். மலையிலிருந்து வந்தால் சாய்வு நாற்காலி, பேப்பர், தூக்கம். உங்கள் எல்லோருக்கும் ராத்திரியில் கண்விழித்துத் தேடித் தேடி வார்த்தை வைத்திருக்கிறார். பெற்ற மகளுக்கு ஒன்று கூட வைக்கவில்லை.

அப்பா உங்களுக்கு என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே அவரைக் குழாயில் படுக்க வைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

மதுமதி


சேரன்மகாதேவி
20 ஜூன் 2025

மதுமதி தாயிக்கு,

கேட்டுவிட்டிய. சொல்லுதேன். பீவி இடையில் பேனாவை வைத்துவிட்டு அழுதால் எழுத்து நிற்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஆன்டிலூக்கன் என் வீட்டுக்காரி. தங்கத்தாய். மூணு தங்கத்தாய் இருந்தார்கள், அவளுக்கு அந்த வார்த்தை. யாருக்கும் முன்னால், இருட்டோடு களத்துக்கு வந்து நிற்பாள். உங்க அப்பா லாந்தரைத் தூக்கிக்கொண்டு வந்தால் அங்கன முதல் தலை அவளுடையதுதான். ஒரு நாள் தவறினதில்லை.

தாமிரபரணியில் பெரிய வெள்ளம் வந்த வருசம் உங்களுக்கு நினைப்பு இருக்கும். ஐப்பசி கடைசி. கீழே ஜங்சன் வரைக்கும் தண்ணி. குறுக்குத்துறைக் கோயில் தெரியவில்லை என்று பிறகு சொன்னார்கள். மேலே எங்களுக்கு மழை தெரியும், ஆறு தெரியாது. அன்றைக்கு ராத்திரி நான் பேக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் வேலை. கீழ் லயத்தில் ஒரு பிள்ளைக்குப் பேறுகால வலி என்று, பேறுகாலம் பார்க்கத் தெரிந்த அவளைத் தேடி ஆள் வந்திருக்கிறது. தங்கத்தாய் இருட்டோடு கிளம்பிப் போயிருக்கிறாள். எனக்கு ஆள் சொல்லி அனுப்ப நேரமில்லை. நடுவில் ஓடை. மரப்பாலம்.

காலையில் பெரட்டு. ஆன்டிலூக்கன் என்று கூப்பிட்டார். பதில் இல்லை. அவ வராமல் இருக்க மாட்டாளே, மழையில் பின்னால் எங்கோ நிற்கிறாள் என்று நினைத்து உங்க அப்பா பேர் போட்டுவிட்டார். வந்ததாக.

நல்லாக் கேளுங்க தாயி. அது எனக்குக் கோபம் இல்லை. ஒருத்தி மேல் அம்புட்டு நம்பிக்கை வைத்துப் பேர் போட்டதற்கு எந்த மடையன் கோபப்படுவான்?

பத்து மணி வாக்கில் மேல் காட்டில் மலை சரிந்தது. கூட்டத்தை இறக்கி எண்ணினார்கள். ஒரு தலை குறைந்தது. தங்கத்தாய். நான் பேக்டரியிலிருந்து ஓடிவந்து உங்க அப்பாவைப் பிடித்து, 'ஐயா, காலையில அவ பெரட்டுக்கு வந்தாளா?' என்று கேட்டேன். வந்தா என்றார். 'கண்ணால பாத்தியளா?' பேர் போட்டிருக்கேன்லா என்றார். பாக்கவில்லை, குரல் கேக்கவில்லை, சும்மா போட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை அவருக்கு. மேனேஜர் பக்கத்தில் நின்றார். பொய்யாகப் பேர் போட்டால் வேலை போய்விடும்.

அதனால் அவள் மண்ணுக்குள்தான் என்று ஆகிவிட்டது. ஆம்பிளை பொம்பிளை அம்புட்டுப் பேரும் அங்கன தோண்டினோம். மம்பட்டி பத்தாமல் கையால் தோண்டினேன். நகம் பேந்தது. அந்த நேரமெல்லாம் அவள் ஓடை நடுவில், பாலம் போன இடத்தில், ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கீழ் லயத்துப் பெண்டுகள் பார்த்திருக்கிறார்கள். இக்கரைக்குச் சொல்ல வழியில்லை, எங்க பேரைச் சொல்லிக் கத்தினார்களாம். மழைச் சத்தத்தில் யாருக்குக் கேக்கும்? சாயங்காலம் உங்க அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, 'மாரிக்கண்ணு, அவ குரல் குடுக்கல' என்றார். அப்போ கீழ் லயத்துக்குத்தான் போயிருப்பாள் என்று ஓடைக்கு ஓடினோம். பாறை மட்டும் இருந்தது. மூணாம் நாள் மணிமுத்தாறு அணைப் பக்கம் ஒதுங்கினாள்.

தை மாசம் உங்க அப்பா வேலையை விட்டுப் போனார். போகும்போது என் வாசலில் வந்து நின்றார். நான் கதவைத் திறக்கவில்லை.

இதற்கு மேல் என்ன வேணும் உங்களுக்கு?

மாரிக்கண்ணு


சென்னை
1 ஜூலை 2025

அண்ணாச்சிக்கு,

எதுவும் வேண்டாம். கேட்டிருக்கவே கூடாது என்று தோன்றுகிறது. அவருக்காக நான் மன்னிப்புக் கேட்பது சரியில்லை, அது என்னுடையது இல்லை.

அம்மாவிடம் கூட அவர் சொன்னதில்லை. எஸ்டேட் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் வீட்டில் காரணம். அம்மா அதை நம்பிக் கடைசி வரை அவருக்கு மஃப்ளர் பின்னிக்கொண்டே இருந்தாள்.

குழாய் போட்டார்கள். பிடுங்கிவிட்டார். கையைக் கட்டிலோடு கட்டிப் போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். அர்ஷியா இப்போது அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் பதில் சொல்வதில்லை. 'பொய் சொல்ல மாட்டேங்கா, அவிய கண்ணப் பாத்தா எனக்குப் பயமாருக்கு' என்கிறாள். அந்த இடம் வந்ததும் வீடே அமைதியாகிவிடுகிறது. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். நேற்று, பல நாளுக்குப் பிறகு, தமிழில் ஒரு வாக்கியம் சொன்னார். 'அவ வராம இருக்க மாட்டாளே.'

அந்த வார்த்தையைப் பற்றி நூலகத்தில் இன்னும் கொஞ்சம் கிடைத்தது. உங்களுக்கு உரியது என்பதால் எழுதுகிறேன். இன்று அதை யாரும் பேச்சில் சொல்வதில்லை. பழைய புத்தகங்களில், ஊரார் கண்ணுக்கு மறைந்து பொழுது விடியும் முன்பே கூடிச் சாமி கும்பிட்டவர்களைக் குறிக்க எழுதியிருக்கிறார்கள். ஆன்டிலூக்கன் கூட்டம், ஆன்டிலூக்கன் வழிபாடு. ஓர் ஆளுக்கு அதைப் பேராக வைத்ததாக எங்கும் இல்லை. உலகத்திலேயே அந்தப் பேர் உள்ளவர் தங்கத்தாய் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

இனி தொந்தரவு செய்ய மாட்டேன்.

மதுமதி


சேரன்மகாதேவி
9 ஜூலை 2025

மதுமதி தாயிக்கு,

பீவி உங்க கடுதாசியை வாசித்தாள். நான் எழுந்து வாய்க்கால் பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்ததும், 'அண்ணே, ஒரு மனுசன் பட்டினி கெடக்கான், நீரு மீசையைத் தடவிக்கிட்டு நிக்கீரு' என்று வைதாள். 'ஒம்ம பொண்டாட்டி இருந்தா என்ன சொல்லுவா?' என்றாள். அவளுக்கு அதைக் கேக்க உரிமை இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டாள்.

தங்கத்தாய் என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை வருசமாக அதை நினைக்காமல் இருந்தேன்.

அந்த அர்ஷியா பிள்ளை அவள் பேருக்கு 'வந்தாச்சு' சொன்னது தப்பு. அவருக்குப் புத்தி கலங்கியிருக்கலாம், அவள் வரவில்லை என்பது கலங்கவில்லை. சும்மா இருப்பதும் தப்பு. பதில் இல்லாத இடத்தில்தான் அன்றைக்கும் அவர் வழுக்கினார். பெரட்டில் ரெண்டு பதில் உண்டு. வந்தாச்சு என்று ஆள் சொல்லும். வராத ஆளுக்குப் பக்கத்து வீட்டுக்காரனோ புருசனோ சொல்லுவான், இன்ன காரணம் என்று. அன்றைக்கு நான் களத்தில் இல்லை. சொல்ல ஆள் இல்லை.

இப்போது சொல்லுதேன். பெண் குரல் வேண்டாம், ஒரு ஆம்பிளையைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தி, சத்தமாகச் சொல்லச் சொல்லுங்க. பீவி, இதை அப்படியே எழுது.

'ஐயா, தங்கத்தாய் வரல. கீழ் லயத்துக்குப் போயிருக்கா. ஓடைப் பாலத்துப் பக்கம் ஆள் அனுப்புங்க. சொன்னது அவ புருசன் மாரிக்கண்ணு.'

அம்புட்டுத்தான். ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

உங்களுக்கு வார்த்தை வைக்கவில்லை என்று குறைப்பட்டிருந்திய. ரெண்டு பேருக்கு ஒரே பேர் இருந்தால்தான் அவர் வார்த்தை வைப்பார். மதுமதி என்று அந்த மலையில் வேறு யாரும் இல்லை. அவருக்கும் வேறு யாரும் இல்லை.

மாரிக்கண்ணு


சென்னை
22 ஜூலை 2025

அண்ணாச்சி,

எங்கள் அடுக்ககத்துக் காவலாளி பெரியவர், கடையநல்லூர்க்காரர், தாஜ் முகம்மது. அவரிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். மூன்று தடவை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். அப்பா ஆன்டிலூக்கன் என்றதும், நீங்கள் எழுதியபடியே சொன்னார்.

அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். நாங்கள் பிடித்துக்கொண்டோம். 'ஓடைக்கு ஆள் போகட்டும். மம்பட்டி வேண்டாம், கயிறு எடுத்துக்கிடுங்க' என்றார். தாஜ் முகம்மது ஐயா 'சரிங்கய்யா' என்று சொல்லிவிட்டுத் தெரு முனை வரைக்கும் நிஜமாகவே ஓடினார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

பிறகு அப்பா அடுத்த வார்த்தையைக் கூப்பிட்டார். நாங்கள் அதுவரை கேட்டே இராத வார்த்தை. அதற்கடுத்து இன்னொன்று. கடைசி வரை போய் முடித்தார். முடித்துவிட்டு இட்லி கேட்டார்.

இப்போது தினமும் சாப்பிடுகிறார். அந்த ஒரு பெயர் வரும்போது தாஜ் முகம்மது ஐயா வந்து சொல்லிவிட்டுப் போகிறார். ஓடைக்கு ஆள் அனுப்பியதும் அப்பாவின் முகம் தெளிகிறது. ஆனால் பெரட்டு முடிந்ததும் எங்களைப் பார்த்து, 'எத்தனை தலை?' என்று கேட்கிறார். அர்ஷியா ஏதோ ஒரு எண்ணைச் சொன்னாள். அவர் அவளையே பார்த்தார். எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவரிடம் இனி பொய்க்கணக்குச் சொல்ல எனக்கு மனம் இல்லை. இத்தனை வருடம் அவரை அரித்தது அதுதானே.

அந்தக் கூட்டத்தில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். உண்மையான கணக்கு.

மதுமதி


சேரன்மகாதேவி
6 ஆகஸ்ட் 2025

மதுமதி தாயிக்கு,

கணக்குக் கேட்டிருக்கிய. நினைப்பில் இருந்தே சொல்லிவிடலாம். ஆனாலும் உசுரோடு இருக்கிற ஆளைக் கண்ணால் பாக்காமல் பேர் போடக்கூடாது என்று விசாரித்துவிட்டு, ஒரு பஸ் பயணமும் போய்விட்டு எழுதுதேன். அதனால்தான் சுணங்கியது.

கொங்கூஸ்லர் மாரியம்மாள், எஸ்டேட்டை மூடி எங்களை இறக்கின மழைக்காலத்தில் பத்தமடையில் மகள் வீட்டில் போனாள். பஸ் ஸ்டாண்டில் நின்று பஸ் போறதைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம் தினமும். சுசரஸ் மாரியம்மாள், அவளுக்கு ரொம்ப முன்னால், மலையிலேயே. வாய் அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. மற்ற மாரியம்மாள்கள் நாலு பேரும் இல்லை. கிரெபஸ்குலர் தனலட்சுமி, கொரோனாவில். முகத்தைக் காட்டவில்லை. இன்னொரு தனலட்சுமி அவளுக்கும் முன்னாலேயே. பிளாதர்ஸ்கைட் பெருமாள்ராஜ், ஓயாமல் அண்டப் புளுகு புளுகுவானே அவன், அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவிடம் தான் முன்னாள் மேனேஜர் என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடினான். இன்னொரு பெருமாள்ராஜ் திருப்பூருக்குப் போனான், பாடிதான் வந்தது. பாக்கி ரெண்டு தங்கத்தாயும் இல்லை. பிரம்மநாயகி ரெண்டு பேர், அக்கா தங்கச்சி மாதிரி ஒரே ஆடி மாசத்தில் போனார்கள். என் பேர்க்காரன் ஒருத்தனைக் காட்டெருமை முட்டியது. இன்னொருத்தன் தூக்கத்தில்.

விட்டர்ஷின்ஸ் இருக்கிறேன். மெட்ராஸுக்கு வர மாட்டேன். காலும் ஆகாது, மனசும் இன்னும் அம்புட்டு தூரம் வரவில்லை. ஆனால் பேர் போட்டுக்கிடச் சொல்லுங்க. போன வாரம் என் வாசலில் அவர் வந்து நின்ற மாதிரி இருந்தது. கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன். பீவியின் ஆடுதான் உள்ளே வந்தது.

பிறகு வள்ளியூருக்குப் போனேன். அங்கே மகன் வீட்டில் ஒருத்தி இருப்பதாகக் கேள்வி. போய் வாசலில் நின்றேன். உள்ளே இருட்டு, ஆள் தெரியவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது? அவள் பேர்க்காரி எப்போதோ போய்விட்டாள்; இவளுக்கு அவர் வைத்த வார்த்தை லாம்பன்ட். பொருளைச் சுடாமல் மேலாக்கத் தவழ்கிற தீ வெளிச்சத்துக்குச் சொல்வது. யார் கோபப்பட்டாலும் அவள் மட்டும் சிரிப்பாள், அதற்காக. தொண்டையைச் செருமிக்கொண்டு, 'லாம்பன்ட்' என்று சத்தமாகக் கூப்பிட்டேன். எனக்குக் காது கேக்காததால் ரொம்பச் சத்தமாகத்தான் கூப்பிட்டிருப்பேன்.

கட்டிலில் ஒரு தலை தூக்கியது. கண் ரெண்டும் பால் மாதிரி வெளுத்துவிட்டது. பக்கத்தில் போனேன். 'வந்தாச்சு' என்றாள். பிறகு, 'எவம்லே அது, மத்தியானத்துல பெரட்டு எடுக்குதது?' என்றாள். யார் என்று சொன்னேன். கையைத் தடவித் தடவிப் பார்த்தாள். தங்கத்தாயைக் கேக்கவில்லை. அவளும் அன்றைக்கு என் பக்கத்தில் தோண்டினவள்தான். 'அந்தக் கோட்டிக்காரக் கணக்கப்பிள்ளை இருக்காரா?' என்று கேட்டாள். இருக்கார், தினம் நம்ம பேரைக் கூப்பிடுதார் என்றேன். கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு முகத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிக்கொண்டு, 'அப்ப என் பேரை விட்டுறாமக் கூப்பிடச் சொல்லும். இங்கன என்னை யாரும் கூப்பிடுதது இல்ல' என்றாள்.

அதனால் தாயி, நாளைக்கு அவர் எத்தனை தலை என்று கேட்டால் ரெண்டு என்று சொல்லுங்க. ஒன்று நான், அது பெரிசில்லை. இன்னொன்றைப் பேர் சொல்லி, சத்தமாகச் சொல்லுங்க. அவரை விட்டால் அவளைக் கூப்பிட ஆள் கிடையாது.

முத்துராணி. வள்ளியூர். இருக்கிறாள்.